பிளாரன்ஸை விலக்கிய கரை

பிளாரன்ஸைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. எழுபத்தைந்தில் அவளை ஊர்விலக்கு செய்த தீர்மானத்தை எழுதியவன் நான்தான். ஊர்க் கமிட்டிக்கு எழுத்து வேலை பார்த்தேன். தலைவர் ஜேசுபாதம் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேச முடியாமல் என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது?

அவள் செய்த குற்றம் இதுதான். வேம்பாருக்குத் தெற்கே எங்கள் ஊர். எதிரே இருக்கும் தீவைச் சுற்றிக் கடலடியில் முருகைக்கல் பார், அதாவது பவளப்பாறைத் திட்டு. தூத்துக்குடி காண்டிராக்டர் ஒருவர் அதைக் கடப்பாறையால் பெயர்த்து, வல்லம் என்கிற படகுகளில் எங்கள் கரைக்குக் கொண்டுவந்து சுண்ணாம்புக் காளவாசலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பிளாரன்ஸ் எங்கள் கரையில் மீன் ஏலம் எடுத்து ஊர் ஊராக விற்பவள். பாரை உடைத்துவிட்டால் மீன் குஞ்சு எங்கே ஒதுங்கும், அலையை எது தடுக்கும் என்று கேட்டாள். எங்கள் ஆண்களுக்குக் கரையில் சுமை தூக்குவது கௌரவக் குறைச்சல். வல்லத்தில் வரும் கல்லைத் தலைச்சுமையாக இறக்குவது பெண்கள்தான். இறக்காதீர்கள் என்றாள். பதினோரு பேர் அவளோடு மணலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

உடனே காண்டிராக்டர் எங்கள் மாதா கோயில் சுற்றுச்சுவருக்கு இலவசமாகக் கல் தருவதாகச் சொன்னார். போதாதா? பிளாரன்ஸ் மாதாவுக்கே விரோதி ஆகிவிட்டாள். அவளோடு யாரும் பேசக் கூடாது, எங்கள் கரையில் அவளுக்கு மீன் கொடுக்கக் கூடாது என்று எழுதினோம். பதினோரு பேரும் பயந்துபோய்க் கல் இறக்கப் போனார்கள். அவள் மட்டும் தினமும் வேம்பார் வரை நடந்து மீன் எடுத்தாள்.

எழுபத்தேழு கார்த்திகைப் புயலில், பார் உடைத்த இடம் வழியாகக் கடல் ஊருக்குள் வந்தது. இருபது குடிசை போயிற்று. அதில் அவளுடையதும் ஒன்று. அப்போதாவது புத்தி வந்ததா? கடலைத் தடுக்கச் சுவர் கட்டுவோம் என்றார் ஜேசுபாதம். எந்தக் கல்லில்? அதே முருகைக்கல்லில்! மூளையைக் கழற்றி எங்கே வைத்தோமோ, அந்தத் தீர்மானத்தையும் நானே எழுதினேன்.

முதல் வல்லம் வந்தது. இந்தத் தடவை ஒரு பெண்ணும் கல்லைத் தொடவில்லை. ஜேசுபாதம் பிளாரன்ஸைக் கரைக்கு வரவழைத்தார்.

“ஏளா, இவளுவள கல்லெறக்கச் சொல்லு. இன்னைக்கே வெலக்க எடுத்திருதோம்.”

இரண்டு வருடம் வெயிலிலும் மழையிலும் நடந்த கால் அவளுடையது. சரி என்று சொல்லியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

“எறக்க மாட்டோம்னு சொல்லுதது அவளுவ. அவளுவகிட்டக் கேளும்” என்றாள்.

ஜேசுபாதம் கூட்டத்தில் நின்ற தன் மனைவியைப் பார்த்தார். “வேணும்னா நீரு சுமயும்” என்று சொல்லிவிட்டு அந்தம்மா வீட்டுக்கு நடையைக் கட்டினாள். வல்லம் மூன்று நாள் கிடந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

விலக்கை மட்டும் நாங்கள் எடுக்கவில்லை. வீம்பு. மறுநாள் மீன் விற்கும் பெண்கள் எல்லாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு பிளாரன்ஸோடு வேம்பாருக்கு நடந்தார்கள். எங்கள் கரையில் ஏலம் கேட்க நாதியில்லை. மீன் நாறியது. ஐந்தாம் நாள் கமிட்டி விலக்கை ரத்து செய்தது. தாளை எடுத்துக்கொண்டு அவளிடம் சொல்லப் போனேன்.

கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஒம்மகிட்ட யாரு கேட்டா?” என்றாள்.