தொட்டியில் உதிர்த்த சம்பங்கி

ஏசி குளிரவில்லை என்று யாராவது வந்து சொன்னால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். சொல்கிறவர் அதோடு நிறுத்தமாட்டார். "கேசு தீந்துபோச்சுங்க, அடிச்சு உட்டுருங்க" என்று வைத்தியத்தையும் அவரே சொல்லிவிடுவார். அறுபதுகளில் கோயமுத்தூரில் ஏசி வைத்திருந்த இடங்கள் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் காற்று மேலே பட்டிராதவர்களுக்குக்கூட, மெஷினுக்குள் ஓடிக் குளிரவைக்கும் கேஸைப் பற்றி ஒரு கருத்து இருந்தது.

நான் அப்போது கணபதியில் ஒரு பட்டறை வைத்துக்கொண்டு, மில்களிலும் சினிமா தியேட்டர்களிலும் குளிர்சாதன மெஷின்களைப் பழுது பார்த்து வந்தேன். ஆயுத பூஜை முடிந்து தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், டவுனில் இருந்த ஒரு தியேட்டரிலிருந்து ஆள் வந்தது. படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஹால் குளிர்கிறதாம். பிறகு மெஷின் தானாக நின்றுவிடுகிறதாம். இடைவேளைக்கு அப்புறம் ஜனங்கள் சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டு விசிலடிக்கிறார்களாம். தீபாவளிக்குப் புதுப்படம் வேறு வருகிறது. கருவிப் பையை சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதலாளி கேட்டிலேயே நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் பட்டையாகத் திருநீறு.

"வாங்க மெக்கானிக். கேசு போயிருச்சுங்க. எல்லாம் நம்ம ஆபரேட்டர் பண்ணுன வேலை. பூசைக்கு மெஷினத் தொடைக்கறேன்னு எதையோ திருகி உட்டுப்போட்டான். வெள்ளிக்கெழமை சாவியக் குடுத்துப்போட்டு ஊட்டக் காலி பண்ணுன்னு சொல்லிப்போட்டனுங்க. நீங்க கேச அடிச்சுக் குடுங்க, போதும்."

இதையெல்லாம் ஆபரேட்டரின் காதில் விழும்படிதான் சொன்னார். அந்த மனிதர் மெஷின் ரூம் வாசலில் நின்றிருந்தார். சோமனூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். தியேட்டரின் பின்சுவரை ஒட்டியிருந்த ஓட்டு வீட்டில் குடியிருந்தார். அது தியேட்டருக்குச் சொந்தமான வீடு. வேலை போனால் வீடும் போகும். வாசலில் அவர் மனைவி சாக்கை விரித்து வைத்துக்கொண்டு பாத்திரங்களை ஒவ்வொன்றாக உள்ளே போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் எதையும் திருகலீங்க. துணியில தொடச்சதோட செரிங்க" என்றார் ஆபரேட்டர் என்னைப் பார்த்து.

மெஷினை ஓட்டச் சொன்னேன். அதில் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் இரண்டு உண்டு. கேஸ் குறைந்திருந்தால் இரண்டு முள்ளும் இறங்கிக் கிடக்கும். இங்கே ஒரு முள் ஏறிக்கொண்டே போய்ச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மெஷின் டக்கென்று நின்றது. அழுத்தம் மிஞ்சிப்போனால் ஆபத்து என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. அதை எல்லாரும் சேர்ந்து ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கேசு எங்கியும் போகலீங்க. சூடு வெளிய போக வழியில்லாம உள்ள முட்டிக்கிட்டு நிக்குதுங்க" என்றேன்.

"போகாட்டி ஏனுங்க குளிரல?" என்றார் முதலாளி. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மெஷினின் சூட்டைத் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டு போகும். கொல்லையில் ஒரு சிமெண்ட் தொட்டி, அதன் மேல் மரச்சட்டங்களால் ஆன ஒரு கூண்டு. சூடான தண்ணீர் கூண்டின் உச்சியிலிருந்து மழைபோல் விழுந்து, ஆறி, தொட்டியில் சேரும். பம்ப் அதை மறுபடி மெஷினுக்கு அனுப்பும். அந்தத் தியேட்டரில் ஓடியது உப்புக் கிணற்றுத் தண்ணீர். குழாய்களில் உப்பு படிந்து அடைத்திருக்கும் என்று முடிவு கட்டி, மெஷினின் பெரிய மூடியைக் கழற்றினேன். ஆபரேட்டரும் நானும் போல்ட்டுகளோடு மல்லுக்கட்டியதில் உச்சிவெயில் ஏறிவிட்டது. உள்ளே பார்த்தால் மெல்லிசாக ஒரு படிவு, அவ்வளவுதான். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஸ்பேனரைத் திட்டினேன்.

குடிக்கத் தண்ணீர் கேட்டேன். ஆபரேட்டரின் மனைவி சொம்போடு கொண்டுவந்தார். "டம்ளரெல்லாம் மூட்டையில போட்டுட்டனுங்கண்ணா, அண்ணாந்து குடிச்சுக்குங்க" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

மூடியைப் பொருத்தி மறுபடி ஓட்டி, தண்ணீர் வெளியேறும் குழாயைத் தொட்டேன். சூட்டில் கை வைக்க முடியவில்லை. அப்படியானால் வருகிற தண்ணீர் போதவில்லை. பம்ப் ஓடுகிறது, தொட்டியும் நிறைந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் அடைப்பு. அங்கே ஒரு சின்னக் குழிக்குள், குப்பையைத் தடுக்கும் வடிகட்டி ஒன்று இருந்தது. மெஷின் வந்த நாளிலிருந்து அதன் மேல் கிடந்த பலகைக்கல்லை யாரும் நகர்த்தியதாகத் தெரியவில்லை. பம்பை நிறுத்தி வால்வை மூடிவிட்டு, நானும் ஆபரேட்டரும் கல்லைப் புரட்டினோம். முதலாளியும் வந்து நின்றார்.

வடிகட்டியைத் திறந்ததும் நாற்றம் குப்பென்று அடித்தது. வலைக்கூடை முழுக்க அழுகிய பூ. செவ்வந்தி இதழ்கள் கூழாகி, வாழைநாரோடு பின்னிக்கிடந்தன. நடுநடுவே பழுப்பேறிய சம்பங்கி.

"தண்ணித் தொட்டியில பூவப் போட்டது யாருங்க?" என்று கத்தியேவிட்டேன்.

ஆபரேட்டர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். "யாருன்னு தெரியலீங்க. மேல மெதந்தத நான் அள்ளி வெளிய போட்டனுங்க. உள்ள எறங்குனது தெரியலீங்க."

வாசலில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. முதலாளி குனிந்து ஒரு சம்பங்கிக் காம்பை எடுத்துப் பார்த்தார்.

"இது நம்ம உடுமலைப்பேட்டைத் தோட்டத்துப் பூவுங்க" என்றார். "மெஷினு, புரொஜக்டரு, தெரை, அத்தனைக்கும் நான்தான் மாலை போட்டேன். சாமிக்குப் போட்ட பூவுங்க, கால் மெதிபடற எடத்துல போடக்கூடாதுங்களே. ஓடற தண்ணியில உடோணும். ஆத்துக்குப் போலாம்னா மொத ஆட்டத்துக்கு ஆளு வந்துருச்சு. இங்கியும் தண்ணி ஓடிக்கிட்டுத்தான இருக்குது, நானே உதுத்து உட்டுப்போட்டனுங்க."

அவர் பொய் சொல்லவில்லை, மழுப்பவும் இல்லை. எங்கள் வீட்டிலும் பூஜைப் பூவைக் கிணற்றில்தான் போடுவோம். அதனால் பூவுக்காக எனக்கு இருந்த கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. இன்னொரு கோபம் மட்டும் இறங்கவில்லை.

"அப்ப இவரு ஊட்டக் காலி பண்ணோணுமுங்களா?" என்று கேட்டேன். முதலாளி தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினார்.

கூடையைத் தேய்த்துக் கழுவி மாட்டி, மெஷினை ஓட்டினோம். முள் பாதிவரை ஏறி நின்றது. முதலாளி அதன் எதிரிலேயே நின்றார். மேட்னி ஆரம்பித்து, உள்ளேயிருந்து வசனம் கேட்டது. முள் அசையவில்லை. குளிர்ந்த குழாய் வேர்க்கத் தொடங்கியது.

முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலே முதலாளி ஆபரேட்டரிடம் சொன்னார்.

"ஏப்பா, அடுத்த வருசம் பூசைப் பூவ நீயே பாத்து நல்ல எடமாப் போட்டுரு."

"செரிங்க மொதலாளி" என்றார் ஆபரேட்டர்.

ஒரு மனிதனை வீணாகப் பழித்துவிட்டு இவ்வளவுதானா என்று எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் ஆபரேட்டர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்ததும், கருவிகளைப் பையில் போட ஆரம்பித்தேன்.

நான் சைக்கிளை எடுக்கும்போது ஆபரேட்டரின் மனைவி ஒரு தட்டில் மூன்று டம்ளர் காப்பி கொண்டுவந்தார். ஒன்று முதலாளிக்கு.

"நேரமாயிருச்சுங்கண்ணா. டம்ளரு சாக்குக்கு அடியில கெடந்துச்சு, எல்லாத்தையும் வெளிய எடுத்துப்போட்டனுங்க" என்றார்.

காப்பியைக் குடித்தபடி அந்த வீட்டைப் பார்த்தேன். பாத்திரங்கள் வாசலெல்லாம் பரவிக் கிடந்தன. சாக்கை உதறிக் கொடியில் போட்டிருந்தார்.