சங்கத்து அரிசி

ராயபுரத்து மிஷன் பெண்கள் பள்ளியில் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் படித்த ராஜாத்தி, அந்த வருஷம் பள்ளித் தலைவியானது அவள் குரலால்தான். அவள் "அட்டென்ஷன்" என்றால் கடைசி வரிசைக் குழந்தைகூட விறைத்து நிற்கும். தேர்தலன்று கை தூக்கச் சொன்னபோது பாதிக்கு மேல் கைகள் அவளுக்கே எழுந்தன. ரயில்வே கார்டு மகள், அரிசி மண்டிக்காரர் மகள் எல்லாம் இருக்க, வியாசர்பாடியிலிருந்து நடந்து வரும் மூட்டைக் கூலிக்காரர் மகளின் தாவணியில் பேட்ஜ் ஏறியது.

பேட்ஜோடு பெண்கள் சங்கத்து அறைச் சாவியும் வந்தது. சங்கத்தில் தையல் உண்டு, பாட்டு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே பிடி அரிசி உண்டு. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைத்து, வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பெண்ணும் சின்னப் பையில் கொண்டுவந்து அங்கிருந்த தகர டின்னில் கொட்ட வேண்டும். டின் நிறைந்தால் கிழவிகள் விடுதிக்குப் போகும். ரேஷன் காலம்தான். அப்படியும் கொட்டினார்கள், தர்மம் செய்யாதவள் என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை?

அந்த மழைக்காலத்தில் ராஜாத்தியின் அப்பா வேலப்பன் காமாலை கண்டு படுத்தார். கூலி நின்றது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் உலை வைத்தார்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறதே. தலைவியே வெறுங்கையோடு போவதா? காலிப் பையை டின்னுக்குள் விட்டு, கொட்டுவதுபோல் பாவனை செய்தாள். கை அரிசியில் பட்டது. வெளியே எடுத்தபோது பை நிறைந்திருந்தது. இப்படித்தான் ஆரம்பித்தது.

"டீச்சரம்மா குட்த்தாங்க" என்று அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா கெங்கம்மா அதை முறத்தில் பரப்பினாள். பச்சரிசி, புழுங்கல், சிவப்பரிசி, ரேஷன் நொய் எல்லாம் கலந்து கிடந்தன.

"இன்னாடி இது, ஊரு அரிசியெல்லாம் ஒண்ணா கொட்டிக் குட்த்தாங்களா?"

"ஆமா."

கெங்கம்மா அரிசியைப் புடைத்து உலையில் போட்டாள்.

அந்த அரிசி ஒரே பதமாக வேகவும் இல்லை. பச்சரிசி களியாகக் குழைந்தது. சிவப்பரிசி பல்லில் நறுக்கென்றது. பசியில் ருசி தெரியாது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ராஜாத்திக்கு ஒவ்வொரு கவளத்திலும் யார் வீட்டு அரிசி என்றுகூடத் தெரிவதுபோல் இருந்தது. மதியம் தோழிகளோடு உட்காராமல் கிணற்றடிக்குப் போய்த் தனியாகச் சாப்பிட்டாள். யாராவது பின்னால் வந்தால் டப்பாவை மூடிவிடுவாள். ஆனால் அடுத்த வெள்ளியும் எடுத்தாள், அதற்கடுத்த வெள்ளியும் எடுத்தாள்.

மழை ஓய்வதற்குள் டின் பாதியாகிவிட்டது. சங்கத்தை நடத்திய ஹில்டா டீச்சர் மூடியைத் திறந்து பார்த்தும் கோபப்படவில்லை. "உங்கள் மாணவிகள் சபையே விசாரிக்கட்டும். நாளை மதியம் தலைவி கேள்வி கேட்கட்டும்" என்றார். பெண்கள் தங்களைத் தாங்களே ஆள வேண்டும் என்பது அந்த அம்மாளின் கொள்கை.

 ராஜாத்தியைப் பள்ளிச் சம்பளம் வாங்காமல் படிக்க வைத்தார்கள். திருடி என்று தெரிந்தால் வெளியே அனுப்புவார்கள், எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை அத்தோடு போச்சு. அப்புறம் அவளும் அம்மாவைப் போல வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான்.

வீட்டில் அவளால் வாய் திறக்காமல் இருக்க முடியவில்லை.

"ஸ்கூல்ல அரிசி காணாம பூட்ச்சாம். நாளிக்கு விசாரிக்கறாங்க."

கெங்கம்மா அவள் முகத்தையே பார்த்தாள். "உனுக்கு இன்னா பயம்? நீதான லீடரு."

காலையில் கண் விழித்தபோது அம்மா முறத்தோடு வாசல் வெளிச்சத்தில் குனிந்திருந்தாள். கல் பொறுக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு ராஜாத்தி குளிக்கப் போனாள்.

மதியம் சங்கத்து அறையில் சபைப் பெண்கள் சாப்பாட்டு டப்பாக்களோடு வட்டமாக உட்கார்ந்தார்கள். ராஜாத்தி எழுந்து, "யாருக்காவது ஏதாவது தெரியுமா?" என்று கேட்டாள். ஊரையே நிறுத்தும் அவள் குரல் அன்று பக்கத்தில் இருந்தவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

சபைச் செயலாளர் தேவப்பிரியம், அரிசி மண்டிக்காரர் மகள், எழுந்தாள். "டீச்சர், கலப்பரிசி ஒண்ணுபோல வேகாது, எங்கப்பா சொல்வாங்க. எடுத்தவங்க சோத்தப் பாத்தாலே தெரிஞ்சிரும். முதல்ல நம்ம டப்பாவையே திறப்போம்."

அவளே முதலில் திறந்தாள். அடுத்து கார்டு மகள் டோரதி. ஒவ்வொரு மூடியாக விலகி வந்தது. தலைவி கடைசியில் சாப்பிடுவது அங்கே வழக்கம், திறப்பதும் கடைசி.  ராஜாத்தி ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தாள். அங்கே டீச்சர் நின்றார். மூடி அவள் கைவியர்வையில் இரண்டு முறை வழுக்கியது.

திறந்தாள். உள்ளே பொல பொலவென்று புழுங்கலரிசிச் சோறு. ஒரு மணிகூடக் குழையவில்லை, ஒரு சிவப்பு மணி இல்லை.

முறமும் அம்மாவின் குனிந்த முதுகும் நினைவுக்கு வந்தன. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். முதல் நாளே தெரியும். அவமானத்தில் ராஜாத்திக்கு உடம்பு எரிந்தது.

"அப்ப வெளியாள்தான்" என்றாள் தேவப்பிரியம். "சாவிய யார்ட்டயாவது குடுப்பியா?"

"பெருக்கறதுக்கு... மண்ணாங்கட்டி அக்காகிட்ட குடுப்பேன்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மண்ணாங்கட்டி அதே வியாசர்பாடிச் சந்தில் இருக்கும் விதவை. பள்ளியைப் பெருக்கிப் பிழைப்பவள். எல்லோரும் தலையாட்டினார்கள். "நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம்" என்று டீச்சர் அவளைக் கூப்பிட ஆளனுப்பினார். கையில் துடைப்பத்தோடு, எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே மண்ணாங்கட்டி வந்து நின்றாள்.

 இத்தனை பயத்தை ராஜாத்தி அதற்கு முன்னும் பின்னும் அறிந்ததில்லை.

"நான்தான் எடுத்தேன் டீச்சர்" என்றாள்.

பேட்ஜையும் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். பரீட்சையைப் பற்றிப் பிறகு சொல்வதாகச் சொன்னார்கள். பிறகு எழுத விட்டார்கள். பெரம்பூரில் டீச்சராகி, எந்தக் குழந்தையின் டப்பாவையும் யாரும் எட்டிப் பார்க்க விடாத ராஜாத்தி டீச்சர் என்று பெயரெடுத்தாள். ஆனால் அன்று வீட்டுக்கு நடந்தவளுக்கு அது எதுவும் தெரியாது.

கெங்கம்மா பேட்ஜ் இல்லாத தாவணியைப் பார்த்தாள்.

"டப்பாவ தொறந்து பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"ஒரே அரிசியாத்தான இருந்துச்சி?"

"ஆமாம்மா."

"அப்பால இன்னாத்துக்குடி சொன்ன?"

"மண்ணாங்கட்டி அக்கா மேல பழி போட்டாங்கம்மா."

 கெங்கம்மாவின் முன்னால் முறத்தில் புழுங்கல் ஒரு பக்கமும் மற்றதெல்லாம் ஒரு பக்கமும் குவிந்திருந்தன. இரண்டையும் கையால் ஒன்றாகத் தள்ளி, பையில் போட்டு முடிந்து மகளிடம் கொடுத்தாள்.

"காலீல கொண்டுபோயி டின்னுல கொட்டிடு."

அன்று அவர்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.