பாப்பம்மாள் போடாத கையெழுத்துகள்

பாப்பம்மாள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது நாற்பத்தோராவது வயதில். அதுவரை கைநாட்டுதான். ஹனூர் பக்கம் அவர்களுக்கு இரண்டரை ஏக்கர் காடு இருந்தது. புருஷன் செத்த மூன்றாம் மாதம், புருஷனின் அண்ணன் தொட்டையன் ஒரு காகிதத்தை நீட்டி, "ரேஷன் கார்டுல பேரு மாத்தோணும், ரேகை வை" என்றார். வைத்தாள். அடுத்த விதைப்புக்கு அந்தக் காட்டில் அவளை இறங்க விடவில்லை. ஒரு துணிப்பையுடன் கொள்ளேகால் வந்து, மைசூர் பஸ் ஏறினாள்.

மைசூரில் ஹெப்பாள் பக்கம் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் பயிற்சி லேப் அட்டெண்டராக வேலை கிடைத்தது. முதல் சம்பளத்துக்குக் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். முடியாது என்றாள். ஒரு மாணவியைப் பிடித்து வைத்துக்கொண்டு, பழைய காகிதங்களில் ஒரு வாரம் தன் பெயரை எழுதிப் பழகினாள். பிறகுதான் சம்பளம் வாங்கினாள். தமிழில் போடுவாள். கேஷியருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அது அவர் கஷ்டம். கன்னடம் பின்னால் பஸ் பலகைகளையும் மருந்து டப்பாக்களையும் பார்த்து வந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பாள். படிக்காமல் எதிலும் கை வைக்கமாட்டாள்.

அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ரிடையர் ஆனபின் நானும் அங்கே பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்தேன். அப்படித்தான் அவளைத் தெரியும்.

லேப்பில் ஊசி போட்டுப் பழக ஒரே ஒரு ரப்பர் டம்மி. ஆள் உயரம். அதற்குத் தொட்டையன் என்று பெயர் வைத்தவள் பாப்பம்மாள். "நல்லாக் குத்துங்க கண்ணு. வலிச்சா எங்கிட்ட வந்து சொல்லச் சொல்லுங்க" என்பாள். நாற்பது பெண்கள் குத்தினால் ரப்பர் என்ன ஆகும்? உள்ளே ஏற்றிய தண்ணீர் ஒழுகும். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் பட்டையும் பசையும் வாங்கிவந்து, சனிக்கிழமைகளில் தொட்டையனைக் கவிழ்த்துப்போட்டு ஒட்டுவாள்.

ஒரு சட்டம் வைத்திருந்தாள். நான் வைத்ததல்ல, கல்லூரி வைத்ததுமல்ல. கை கழுவுவது, மருந்துப் பெயரைப் பார்ப்பது, இடம் குறிப்பது, குத்துவது, ஊசியைப் பத்திரமாகப் போடுவது எல்லாம் அவள் கண்முன் பத்து முறை பிசகில்லாமல் செய்ய வேண்டும். ஒன்பதாவதில் தப்பினாலும் மறுபடி முதலிலிருந்து. பத்தும் தேறியவள் மார்க்கர் பேனாவால் தொட்டையன் முதுகில் தன் பெயரையும் தேதியையும் எழுதலாம். "முதுகுல பேரு ஏறாத புள்ளைய வார்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க சிஸ்டர்" என்பாள். நான் கூட்டிப்போனதில்லை. இடம் தவறிப் போட்ட ஊசியால் கால் இழுத்துக்கொண்டு நடக்கும் நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

பதினைந்து வருடம் இப்படிப் போனது. போன வருடம் நிர்வாகம் தரச்சான்றுக்கு விண்ணப்பித்தது. கல்லூரி நடத்த அனுமதி வேறு, இது வேறு. அனுமதி இல்லாமல் கல்லூரியைத் திறக்க முடியாது. தரச்சான்று நாமாகப் போய்க் கேட்டு வாங்குவது. கேட்காவிட்டால் யாரும் வந்து கதவைத் தட்டமாட்டார்கள். ஆனால் நல்ல கிரேடு கிடைத்தால் ரிங் ரோட்டில் பெரிய போர்டு வைக்கலாம்.

கமிட்டி வர ஐந்து நாள் இருக்கும்போது, ஆபீஸ் மேனேஜர் பசவராஜ் வாடகைக்கு இரண்டு புது டம்மிகளை வேனில் இறக்கினார். கையில் ஒரு தடித்த ரிஜிஸ்டர். எந்த மாணவி எந்தத் தேதியில் புது டம்மியில் பழகினாள் என்று ஐந்து வருடத்துக்கு எழுதியிருந்தது. எல்லாம் ஒரே பேனா. கடைசிக் கட்டம் மட்டும் காலி. அட்டெண்டர் கையெழுத்து, இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தில்.

"ஏனு பாப்பம்மா, சௌக்கியமா? இதுல சைன் போட்டுடு. நாளைக்குள்ள முடிச்சா போதும்."

பாப்பம்மாள் முதல் பக்கத்தை விரல் வைத்துப் படித்தாள். "சார், இந்த ரெண்டு பேரும் எப்ப வந்தாங்க?"

"இப்பதான். நீதானே கதவு திறந்துவிட்டே?"

"புஸ்தகத்துல அஞ்சு வருசமா ஊசி வாங்கியிருக்காங்களே?"

"அது ஒரு ஃபார்மாலிட்டி அம்மா. எல்லாக் காலேஜும் பண்றதுதான்."

"நாம கூப்பிடாட்டி அந்தக் கமிட்டி வருங்களா சார்?"

"வராது."

"அப்ப நாமளே வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிட்டுப்போட்டு, பொண்ணு பாக்க வாரவங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பொண்ணக் காட்டறதுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பசவராஜ் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், நீங்களாவது சொல்லுங்க."

"என்ன சொல்லணும்? பொண்ணு நம்ம வீட்டுப் பொண்ணுதான்னா?"

அவர் முகம் சுருங்கியது. "ஜூன்ல காண்ட்ராக்ட் முடியுது, பாப்பம்மா. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்குதுங்க. நான் போடமாட்டேன்னு சொன்னதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும்."

கமிட்டி வரும் மூன்று நாளும் அவளுக்குக் கட்டாய லீவு என்று உத்தரவு வந்தது. பழைய டம்மியை ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டச் சொன்னார்கள். பூட்டினாள். சாவியை யாரும் கேட்கவில்லை. அது அவள் இடுப்பிலேயே இருந்தது.

"வேலை போனால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"ஒருக்கா படிக்காத காகிதத்துல ரேகை வெச்சேன், காடு போச்சு. இப்பப் போடாத ஊசிக்குக் கையெழுத்து வெச்சா, போறது எங்காடு இல்ல சிஸ்டர். எவனோ ஒருத்தன் காலு."

கமிட்டியில் மூன்று பேர். லேப்பைப் பார்க்க வந்தவர் வெளியூர் நர்சிங் பேராசிரியை ஒருவர், நரைத்த தலை, ரப்பர் செருப்பு. பாப்பம்மாள் யூனிஃபார்ம் இல்லாமல், அரக்குச் சேலையில் லேப்புக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பசவராஜ் பல்லைக் கடித்தார். "லீவுதானே உனக்கு?"

"லீவுன்னா வேலை செய்யக் கூடாது. வரக் கூடாதுன்னு காகிதத்துல இல்லீங்களே."

பேராசிரியை ஒரு மாணவியைக் கூப்பிட்டார். கொள்ளேகால் பெண் பூங்குழலி, மூன்றாம் வருடம். புது டம்மிக்கு இடுப்பில் ஊசி போட்டுக் காட்டச் சொன்னார். அந்த டம்மியில் கை பட்டதும் ஏதோ சிவப்பு விளக்கு எரிந்து கீச்சென்று சத்தம் போட்டது. பூங்குழலி அதை அதற்குமுன் தொட்டதே இல்லை. துள்ளிப் பின்வாங்கினாள். ட்ரே கீழே விழுந்தது.

பேராசிரியை டம்மியின் இடுப்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவிப் பார்த்தார். ஒரு துளைகூட இல்லை. பிறகு ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"இங்கே யார் கையெழுத்து வர வேண்டும்? எல்லாம் காலியாக இருக்கிறதே?"

"லேப் அட்டெண்டர் மேடம். லீவுல இருக்காங்க" என்றார் பசவராஜ்.

"ஐந்து வருடமாகவா?"

வாசலிலிருந்து குரல் வந்தது. "மூணு நாளுதானுங்க. பாப்பம்மாள் நாந்தான்."

பேராசிரியை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்கள் ஏன் போடவில்லை?"

"இந்தப் பொம்மைக வந்து அஞ்சு நாளாச்சுங்க. நான் பாக்காததுக்குப் போடறதில்ல. பாத்தது வேணும்னா ஸ்டோர்ல படுத்திருக்கான்."

"மேடம், அது கழிச்சுப்போட்ட சாமான்…" என்று பசவராஜ் ஆரம்பிப்பதற்குள் பூட்டில் சாவி போய்விட்டது.

தொட்டையனைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தாள். தோள், இடுப்பு, தொடை எல்லாம் சைக்கிள் பட்டை. கவிழ்த்துப்போட்டாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை பெயர்கள். கன்னடத்தில், தமிழில், இங்கிலீஷில், எல்லாவற்றுக்கும் தேதி. இடமில்லாமல் பிந்திய வருடங்கள் முழங்காலுக்குப் பின்னால் போயிருந்தன. பேராசிரியை குனிந்து வெகுநேரம் படித்தார். பாப்பம்மாள் தன் சட்டத்தைச் சொன்னாள்.

"உன் பெயர் எங்கே?" என்று பூங்குழலியைக் கேட்டார்.

அவள் வலது முழங்காலுக்குப் பின்னால் காட்டினாள்.

"சரி, இவருக்குப் போடு."

பூங்குழலி கை கழுவினாள். மருந்துப் பெயரைப் படித்தாள். இடம் குறித்துக் குத்தினாள். ஊசியைப் பத்திரமாக டப்பாவில் போட்டாள். ஒரு பட்டையின் ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. பாப்பம்மாள் முந்தானையால் துடைத்தாள். "வயசாச்சுங்க இவனுக்கு."

நிர்வாகம் எதிர்பார்த்த கிரேடு கிடைக்கவில்லை. இரண்டு படி கீழே. ரிஜிஸ்டரை ஏற்க முடியாது, சொந்தமாக டம்மிகள் வாங்க வேண்டும் என்று அறிக்கை வந்தது. கூடவே ஒரு வரி: அட்டெண்டர் பாப்பம்மாள் பின்பற்றும் முறையை எழுத்தில் கொண்டுவந்து, அவர் கையெழுத்துடன் வருடாவருடம் அனுப்ப வேண்டும்.

ஜூனில் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. பாப்பம்மாள் சாவியை ஒப்படைத்துவிட்டு, தேவராஜ மொஹல்லாவில் தன் ஒற்றை அறையில் உட்கார்ந்துகொண்டாள். நான் பிரின்சிபாலிடம் போய், முதுகில் பெயர் ஏறாத யாரையும் வார்டுக்குக் கூட்டிப்போகமாட்டேன் என்றேன். பெயர் ஏற்ற ஆளில்லாமல், எட்டு நாள் அந்த வருடத்து நாற்பது பெண்களும் வகுப்பறையில் கொட்டாவி விட்டார்கள். ஒன்பதாம் நாள் பசவராஜ் அவள் அறைக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

இரண்டு காகிதம். ஒரு வருட காண்ட்ராக்ட். அவள் மன்னிப்புக் கேட்பதாக எழுதிய ஒரு கடிதம். பாப்பம்மாள் விரல் வைத்து இரண்டையும் படித்து முடிக்க அரைமணி ஆயிற்று. அவர் நின்றுகொண்டே இருந்தார். மன்னிப்புக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "இது என்னுது இல்லீங்க. உங்களுது மாறி வந்திருச்சு."

"சரி விடு. இன்னொண்ணுல போடு."

"சான்று எத்தன வருசத்துக்குங்க?"

"அஞ்சு."

"ஒரு வருசத்துக்கு வேலை குடுத்து, அஞ்சு வருசத்துக்குக் கையெழுத்து எப்படி வாங்குவீங்க?"

முணுமுணுத்துக்கொண்டே போனார். வெள்ளிக்கிழமை மூன்று வருடம் என்று டைப் அடித்துக்கொண்டு வந்தார்.

"தப்புங்க சார். தப்பினா முதல்ல இருந்து. எங்க லேப்புல அதுதான் சட்டம்."

திங்கட்கிழமை ஐந்து வருடம் என்று வந்தது. மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். மறுபடி அரைமணி. பிறகு, தமிழில், நிதானமாகப் போட்டாள்.

பசவராஜ் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கேன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"படிச்சுப் பழகுங்க சார். ஒரு வாரம் போதும்."