அலங்கரித்து வைத்த மண்

வாங்கப்போகிற நிலத்தில் பழைய விஷம் ஏதும் தங்கியிருக்கிறதா என்று தோண்டிப் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. மலைமலையாய் அலைகிறேன். ஓரிடத்தில் நிற்காதவனுக்கு இப்படி ஒரு வேலை.

மூணாறுப் பக்கம் பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே ஒரு துண்டுச் சரிவு. வாங்க நினைத்தவர்கள், தேயிலைத் தோட்டத்தில் கொளுந்து பறித்தே வயதான ஓர் அக்காவும் அவர் வீட்டுக்காரரும். ரிட்டயர் ஆனால் தோட்டத்துக் கம்பெனி கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அதற்குள் சொந்தமாய் ஒரு கூரை வேண்டும். ஆனால் முன்பு அந்தச் சரிவில் பூச்சிமருந்து கலக்கும் கொட்டகை இருந்ததாம். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

போய்ப் பார்த்தால், நிலம் குளித்துத் தலைசீவி நிற்கிறது! புல் செதுக்கி, கல் பொறுக்கி, மாட்டுப்பட்டியிலிருந்து ஜீப்பில் வந்த சாணி எருவும் செம்மண்ணும் பரப்பி, ஓரத்தில் கோலம் வேறு.

"என்னக்கா இது?"

"பாக்க வாரீகள்ல தம்பி. அழுக்காவா காட்டுறது?"

"பொண்ணா பாக்க வந்திருக்காரு?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். "நான் அப்பவே சொன்னேன்."

"ஆமா, சொன்னீக! எருவச் சொமந்தது யாராம்?"

"நாந்தேன்."

எனக்கு வேண்டியது அடியில் கிடக்கும் பழைய மண் என்றதும் அக்காவின் முகம் வாடிவிட்டது.

"கெடுத்துட்டனா தம்பி? இனி பாக்க முடியாதா?"

"ஒதுக்கிட்டு எடுக்கலாம்க்கா."

மூவருமாக அள்ளி ஒதுக்கினோம். பனிமஞ்சு இறங்கி, எங்களை மூடி, மறுபடி ஏறியது. கீழ்ப்பக்கம் மண் கறுத்திருந்தது. கிளறியதும் ஒரு நெடி. அக்கா வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தோட்டத்தில் பூச்சிமருந்து டப்பாவை முதுகில் சுமந்த காலமெல்லாம், அவர் சட்டையில் அக்கா அலசி அலசித் தோற்ற நெடியாம் அது. மேலே ஏறி அங்கும் தோண்டி, இரண்டு பக்கத்து மண்ணையும் தனித்தனிப் புட்டியில் அடைத்துக் கிளம்பினேன். ஜீப் வளைவில் திரும்பும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

பரிசோதனை முடிவு வந்த அன்று மூணாறில் நல்ல மழை. போன் செய்தேன்.

"கீழ்ப்பக்கம் வேண்டாம்க்கா. கிணறும் கூடாது, கீரையும் கூடாது. வேலி போட்டு விட்டுருங்க. மேல்பக்கம் சுத்தமா இருக்கு. வீடு கட்டலாம்."

அக்கா மெல்லக் கேட்டார், "எங்க வீடுதான தம்பி? காலி பண்ணுன்னு எவனும் வந்து நிக்க மாட்டான்ல?"

"மாட்டான்க்கா."

போனை வைக்க மறந்துவிட்டார். வாசல் கிழக்கே பார்க்கவா, ரோட்டைப் பார்க்கவா என்று இருவருக்கும் சண்டை தொடங்கியது. நான் துண்டிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.