ஷை முனுசாமியும் செல்வி அக்காவும்

செல்வி அக்கா இறந்துவிட்டார்...

காலையில் மெசேஜ் பார்த்ததும் விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். திண்டிவனம் போய் முகத்தைப் பார்த்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

யார் என்று கேட்பீர்கள். ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பார்த்தவர். நூறு வருஷத்துக் கிறுக்கலையும் நியூஸ் பேப்பர் மாதிரி படிப்பார்.

என் அப்பாவுக்கு ஒரு மனக்குறை. அமாவாசையில் திதி கொடுக்கும்போது ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். தன் அப்பா கோவிந்தன், தாத்தா முனுசாமி... அதற்கு மேல் அப்பாவுக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொள்வார்.

உடம்புக்கு முடியாமல் படுத்த பிறகு அதையே சொல்லிப் புலம்ப ஆரம்பித்தார். சரி, தேடிப் பார்ப்போம் என்று பிரம்மதேசம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் நிலத்தின் பழைய பத்திர நகலை வாங்கினேன்.

எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். "ஷை முனுசாமி". பக்கத்துக்குப் பக்கம் ஷை முனுசாமி! ஏதோ நவாப் கொடுத்த பட்டம் என்று நானே முடிவு கட்டி, ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டேன். சித்தப்பா அன்றைக்கே தன் பெயருக்கு முன்னால் ஷை சேர்த்துவிட்டார்.

நகலை எடுத்துப் போய்க் காட்டி இந்தப் பட்டக் கதையைச் சொன்னதும், செல்வி அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"பட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. ஷைன்னா மேற்படி. மேல சொன்ன அதே ஆளுன்னு அர்த்தம்."

மேலே யார் என்று பார்த்தோம். முதல் பக்கத்திலேயே, "ஏழுமலை குமாரர் முனுசாமி". அப்பாவுக்குத் தெரியாத அந்த மூன்றாவது பெயர்! அப்பாவிடம் சொல்ல எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க. உங்க ஊர்ல முனுசாமி ஒருத்தர்தானா? ஒரு பத்திரத்துல இருந்தா அது வெறும் பேரு. இன்னொன்னுலயும் வந்தாத்தான் உங்க ஆளு. வேற ஊட்டுப் பெரியவருக்கு எள்ளு எறைச்சிக்கினு இருக்கப் போறீங்களா?"

கோபம் வந்துவிட்டது. அப்பா இன்றோ நாளையோ என்று கிடக்கிறார், இவர் ரூல்ஸ் பேசுகிறாரே... சத்தமாகவே நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து அவரே போன் செய்தார். பக்கத்து நிலத்துக்காரரின் பத்திரத்தைத் தேடிப் பிடித்திருந்தார்.

அதில் நான்கு எல்லை சொல்லும் இடத்தில், "ஏழுமலை குமாரர் முனுசாமியின் ஏரிக்கரை நிலத்துக்கு வடக்கு" என்று இருந்தது. அந்த ஏரிக்கரை நிலத்தில்தான் இன்றைக்கும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறோம்.

அந்த ஆடி அமாவாசைக்கு அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று பெயரையும் தன் வாயாலேயே சொன்னார். ஏழுமலையை மட்டும் இரண்டு தடவை.

கார்த்திகையில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

பிறகு ஒருநாள் ஸ்வீட் பாக்ஸோடு அக்காவைப் பார்க்கப் போனேன். கோபமாகப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் உடுங்க" என்றார்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். "உங்க வீட்டுப் பேரெல்லாம் எதுவரைக்கும் தேடினீங்கக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"நெலம் இருந்தாதான தம்பி பத்திரம்? எங்க தாத்தா அடுத்தவங்க நெலத்துல வேலை செஞ்சிக்கினு இருந்தவரு. எல்லை சொல்ற எடத்துல கூட அவரு பேரு வராது."

சொல்லிவிட்டு ஒரு ஜாங்கிரியை எடுத்துக்கொண்டார். இன்னொன்றும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

இன்று அவருடைய தம்பியிடம் அவர்கள் வீட்டுப் பெரியவர்களின் பெயர்களைக் கேட்டேன். அழுதுகொண்டே தாத்தா வரைக்கும் சொன்னார். அதற்கு மேல் தெரியாதாம்.

ஒருத்தர் வாயால் கேட்டதை எல்லாம் உடனே எழுதிவிடுவீர்களா, இரண்டாவது ஆதாரம் எங்கே என்று அக்கா திட்டுவார். தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்...

சின்னப்பையன் குமாரர் காத்தவராயன்.

ஷை காத்தவராயன் மகள் செல்வி.

போய் வாங்க அக்கா.