மஞ்சள் ஃபில்டரில் தெரிந்த முகம்

ஒரு படத்தின் இருட்டுக்குள் இருப்பதை எந்த அளவுக்கு வெளியே கொண்டுவரலாம்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

மஞ்சூரில் எங்களுக்கு ஒரு சிறிய ஸ்டுடியோ. வீட்டின் பின்னறைதான் டார்க் ரூம். பச்சைத் தேயிலை விலை விழுந்தபின் கல்யாண ஆர்டர்கள் நின்றுபோய், கறுப்பு வெள்ளை பாஸ்போர்ட் படங்களை வைத்தே காலம் தள்ளினோம். அதனால் அந்த அடிதடி நடந்த அன்றும் கணவரின் கேமராவில் கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான் இருந்தது.

இலை எடை போடும் ஷெட்டில், ஈரத்துக்கென்று, இலை வாங்கும் ஏஜெண்ட் வழக்கம்போல எடையைக் கழித்திருக்கிறார். நல்ல வெயில் நாள். இலையில் சொட்டு ஈரம் இல்லை. இலை கொண்டுவந்தவர்கள் கேட்டதற்கு அவர் சிரித்தாராம். அவர்களில் ஒருவன் தராசுக் கொக்கியைக் கழற்றி அவர் முகத்திலேயே அடித்தான். விழுந்தவரை எல்லோருமாக இலைச் சாக்குகளின் மேல் போட்டு மிதித்தார்கள். பச்சை இலைக்குள் பல் கிடந்தது. ரோட்டோரத்திலிருந்து கணவர் ஒரே ஒரு படம் எடுத்தார். அதற்குள் ஒரு கல் பறந்து வந்து அவர் தோளை உடைத்தது. ஏஜெண்டுக்கு இடது கண் போயிற்று.

அவர் மனைவி எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார். ரத்தம் காய்ந்து விறைத்த ஏஜெண்டின் ஸ்வெட்டர் மடியில் இருந்தது.

"ஏனுங்க, அடிச்சவன் மூஞ்சி தெரியோணும். வேற ஒண்ணும் கேக்கலீங்க."

கணவரால் கையைத் தூக்க முடியாததால் பிரிண்ட் வேலை என்னிடம் வந்தது. குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, குளிரில், படத்தை எழுப்பும் டெவலப்பர் கரைசல் சோர்ந்துபோகாமல் இருக்கத் தட்டை வெந்நீரில் வைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

எங்கள் பிரிண்ட் தாள், விளக்கொளியின் குறுக்கே வைக்கும் நிற ஃபில்டருக்கு ஏற்ப நடந்துகொள்ளும். மெஜந்தா வைத்தால் கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று பிரியும். மஞ்சள் வைத்தால் படம் மென்மையாகி நிழலுக்குள் இருப்பதும் தெரியும். ஃபில்டரை மாற்றினால் ஒளி காட்டும் நேரத்தையும் மாற்ற வேண்டும். அதற்குத் துண்டுத் தாளின் மேல் அட்டையை நகர்த்தி நகர்த்திச் சோதிப்போம். ஸ்டுடியோ வழக்கப்படி முகம்தான் அளவு. இரண்டு ஃபில்டரிலும் கன்னம் ஒரே சாம்பல் நிறத்துக்கு வர வேண்டும்.

படத்தில் வெளிச்சம் விழுந்த கன்னம் ஏஜெண்டுடையது. சிவப்பு விளக்கில், ஒவ்வொரு துண்டிலும் அது கிழிந்தபடியே எழுந்து வந்தது. நேரத்தைக் கூட்டினேன், குறைத்தேன்.

மெஜந்தாவில் பிரிண்ட் அழகாக வந்தது. ரத்தம் தார் போல இருந்தது. கொக்கியை ஓங்கியவனின் குல்லாவுக்குக் கீழே வெறும் கறுப்பு. அங்கேயே நிறுத்தியிருக்கலாமோ? ஆனால் அந்தம்மா கேட்டது முகத்தை. மஞ்சளை வைத்தேன், மறுபடி சோதித்தேன், கன்னம் சரியாக ஒத்துவந்தது. முழுத் தாளைத் தட்டில் அமிழ்த்தினேன். குல்லாவின் கீழே முதலில் மூக்கு வந்தது. பிறகு கடித்த பற்கள். என் தம்பி.

சாயங்காலம் அவனே வந்தான். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டான். தோலுரிந்த அவன் விரலை அவள் சப்பினாள்.

"மாமா படம் புடிச்சாராமே. என்ற மூஞ்சி உழுந்திருக்குதாக்கா?"

தாள் இன்னும் காயவில்லை என்றேன்.

"ஈரமுன்னு சொல்லிப்போட்டு சிரிச்சானுக்கா. அந்தக் கொக்கிய அவன் தொண்டையில மாட்டியிருக்கோணும்."

குழந்தையைப் பிடுங்கிக்கொண்டேன். அப்படிச் செய்திருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. அவன் என்னையே பார்த்துவிட்டுப் போனான்.

இரண்டு பிரிண்ட்டும் கிளிப்பில் தொங்குகின்றன. கணவர் இரண்டையும் பார்த்தார். "உன்ற இஷ்டம்" என்றதோடு சரி. இரண்டுமே முறைப்படி அளந்து போட்டவை. எதையும் தப்பான பிரிண்ட் என்று சொல்லிக் கிழிக்க எனக்கு வழியில்லை. ஏஜெண்டின் கண் ஆபரேஷனுக்காகக் கோயமுத்தூர் போயிருக்கிற அந்தம்மா, திரும்பியதும் வாங்க வருவார்.

அவருக்கு எதைக் கொடுப்பது? உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். எனக்காக மட்டும் யோசித்துச் சொல்ல வேண்டாம், அந்த ஸ்வெட்டரை மடியில் வைத்திருந்தவரையும் நினைத்துச் சொல்லுங்கள்.