கோட்டுக்குக் கிடைத்த நாற்காலி

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவளைத் தெருவில் எல்லாரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். தங்கச்சி இருமி இருமிச் செத்த பிறகு வாயாடிக்கு வாய் அடைத்துப்போனது. அதோடு விட்டதா? இஸ்திரிப்பெட்டியைத் துணியில் வைக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து அதே இருமல் கேட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனாள். மனசு டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உக்காந்து பேசணும் டாக்டர்."

"பேசிக் குணமாக்குறதெல்லாம் உங்களுக்குச் சரிப்படாதும்மா. உழைக்கிற உடம்பு. மாத்திரையைப் போட்டுட்டுத் தூங்குங்க."

தூக்கத்திலும் இருமல் வந்தது. பார்த்தாள். யாரோ பணக்காரம்மா சலவைக்குப் போட்ட கம்பளிக் கோட்டு கடைக் கொக்கியில் தொங்கியது. அதை மாட்டிக்கொண்டு, தலையைப் படிய வாரி, மறுபடியும் போய் நின்றாள். அதே டாக்டர்தான். எழுந்தே விட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, கதவைச் சாத்தி, "அவசரமே இல்ல, சொல்லுங்க மேடம்" என்றார்.

தங்கச்சி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "மாடிப்படியில யாரோ ஏறி வர்றாங்க. கதவைத் திறந்தா யாருமில்ல" என்று வந்தது. அவள் இருப்பதோ ஒற்றை அறை. மாடி ஏது, படி ஏது? நாக்கைக் கடித்துப் பார்த்தாள், நிற்கவில்லை. யார் வீட்டுத் துக்கமோ அவள் வாய்வழியே கொட்டித் தீர்ந்தது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாரமும் வரச் சொன்னார்.

சாயங்காலம் கோட்டை வாங்க அந்த வீட்டு வேலைக்காரி வந்தாள்.

"எங்க மொதலாளியம்மா இன்னிக்குத்தான்க்கா நிம்மதியாத் தூங்குறாங்க. மாடிப்படியில சத்தம் கேக்குதுன்னு என்ன பாடு படுத்தினாங்க தெரியுமா! திடீர்னு நின்னுபோச்சாம்."

வாயாடி கையிலிருந்த கோட்டை உற்றுப் பார்த்தாள். அப்புறம் கோபம் வந்தது.

"நல்லாருக்குடி கதை! அவங்க பாரத்தை நான் கொண்டுபோய் இறக்கினேன். என் பாரத்தை யாரு இறக்குறது?"

"என்னக்கா உளர்றீங்க?"

பெட்டிக்குள் தங்கச்சி இருமினாள்.

அடுத்த வாரம் தன் சாயம் போன சட்டையிலேயே போனாள். டாக்டர் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"இப்ப ஒரு மேடம் வருவாங்க. நீங்க வெளிய இருங்கம்மா."

வாயாடி போகவில்லை. கதவைத் தானே சாத்தினாள். அந்த நாற்காலியில் அழுத்தி உட்கார்ந்தாள். "மொதல்ல வெறும் சளின்னுதான் நெனச்சோம்" என்று ஆரம்பித்தாள். டாக்டர் குனிந்து மாத்திரைச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். பேனா நின்றது. எழுந்து திரும்பினார். வெறும் சுவர்.

"யா... யாரது?"

"அவளைப் பத்தித்தான் சொல்லிட்டிருக்கேன்" என்றாள் வாயாடி. "அவசரமே இல்ல. உக்காந்து கேளுங்க."